காய்ச்சலை மறைக்கும் மாணவர்கள்: கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்தில் ஒரு மாணவியர் விடுதியின் பொறுப்பில் இருந்தவள் நான். பாடமும் நடத்துகிறேன். நோய் ஏதாவது பரவ ஆரம்பித்தால் நீங்கள் அனுப்பும் சுற்றறிக்கைகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, வாட்ஸ்அப் குழுவில் போடுவது, எல்லாரும் படித்தார்களா என்று பார்ப்பது எல்லாம் அப்போது என் வேலை. அதனால் அந்தச் சுற்றறிக்கைகள் மாணவர்களிடம் போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுதி மறுபடி திறந்த சில வாரங்களில் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவிக்குக் காய்ச்சல். மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வாசலில் நெற்றிக்கு நேராகக் கருவியைப் பிடித்து வெப்பம் பார்ப்பார்கள் என்பதால், அதற்கு ஒரு மணி நேரம் முன்பே காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். அறையில் கூட இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். அவர்களும் வாய் திறக்கவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகு தொலைபேசியில் அவளிடம், "உனக்குப் பயமாவே இல்லையா?" என்று கேட்டேன். "ரொம்பப் பயமா இருந்தது மேடம். ஆனா செய்முறைத் தேர்வு இருந்ததே" என்றாள்.

அந்தப் பதிலின் கனம் அன்று எனக்குப் புரியவில்லை. விதிப்படி எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப் பரிந்துரைத்தேன், கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம், உடம்பு சரியில்லை என்று ஒரு பெண்கூட என் அறைக் கதவைத் தட்டவில்லை. தொற்று அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அடங்கவில்லை. என்னிடம் சொல்வதைத்தான் அவர்கள் நிறுத்தியிருந்தார்கள்.

மாணவர்களுக்கு விவரம் போதவில்லை, பயமும் போதவில்லை, இரண்டையும் கொஞ்சம் ஏற்றினால் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்ற எண்ணம் உங்கள் சுற்றறிக்கைகளின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் இரண்டுமே இருந்தன. உயிரியல் படிக்கிறவள் அவள். இந்த நோய் எப்படிப் பரவும் என்பதை என்னைவிட நன்றாக விளக்குவாள். தெரிந்திருந்தும், பயந்திருந்தும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாசலைக் கடந்தாள் என்றால் நாம் பார்க்க வேண்டிய இடம் வேறு.

இந்தக் கேள்வி புதிதும் இல்லை. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த காட்ஃப்ரி ஹாக்பாம், இர்வின் ரோசென்ஸ்டாக் போன்ற உளவியலாளர்களுக்கும் இதே சிக்கல்தான். காசநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் வசதியை மக்கள் இருக்கும் பகுதிக்கே கொண்டுபோய் வைத்தும் பலர் எடுத்துக்கொள்ள வரவில்லை. ஏன் என்று தேடிப் போனதில் உருவானதுதான் 'உடல்நல நம்பிக்கை மாதிரி' (Health Belief Model) என்ற பெயரில் இன்றைக்கும் பாடமாக இருப்பது. அதன் சாரத்தை ஒருவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் நான்கு கேள்விகளாகச் சொல்லிவிடலாம். இது எனக்கு வருமா? வந்தால் எவ்வளவு மோசம்? இவர்கள் சொல்வதைச் செய்தால் உண்மையிலேயே பலன் உண்டா? செய்யப் போனால் எனக்கு என்ன நஷ்டம்? உங்கள் சுற்றறிக்கைகள் முதல் இரண்டு கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் சொல்கின்றன. மூன்றாவதற்கு ஒரு பத்தி. நான்காவதைத் தொடுவதே இல்லை. ஆனால் இந்த நான்கில் உங்கள் கையில் முழுசாக இருப்பது அந்த நான்காவது மட்டும்தான்.

யோசித்துப் பாருங்கள். நோய் முற்றலாம், முற்றாமலும் போகலாம். இருபது வயதில் பெரும்பாலும் முற்றாது என்று அவளுக்குத் தெரியும். செய்முறைத் தேர்வைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான் என்பது மட்டும் உறுதி, ஏனென்றால் விதியில் அப்படி எழுதி வைத்திருக்கிறோம். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுதவே முடியாது, அதையும் எழுதி வைத்திருக்கிறோம். வரலாம் என்கிற ஒரு ஆபத்தையும் வந்தே தீரும் என்கிற இன்னொரு ஆபத்தையும் தராசில் வைத்தால் எது தாழும்? நோய் என்கிற தட்டில் எவ்வளவுதான் பயத்தைக் கொட்டினாலும் எதிர்த்தட்டில் இருக்கிற கல்லை எடுக்காத வரை தராசு அசையாது. அந்தக் கல்லை வைத்தது நாம்.

சரி, "எனக்கு வராது" என்கிற மனநிலை இளைஞர்களிடம் இருப்பது உண்மைதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். 1980இல் உளவியலாளர் நீல் வெய்ன்ஸ்டீன் வெளியிட்ட ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்தே நடந்தது. வாழ்க்கையில் நடக்கக்கூடிய நல்லது கெட்டதுகளைப் பட்டியலிட்டு, உங்கள் வகுப்புத் தோழர்களோடு ஒப்பிட்டால் இது உங்களுக்கு நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார். நல்லது தனக்கு அதிகம் நடக்கும், கெட்டது மற்றவர்களுக்கு அதிகம் நடக்கும் என்ற பக்கமே பதில்கள் சாய்ந்தன. இது இளமைக்கு மட்டும் உரிய குணம் இல்லை, பெரியவர்களும் இப்படித்தான் நினைக்கிறோம், நானும் உட்பட. இதை வைத்துக்கொண்டு அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டுவது நியாயமில்லை.

அதோடு, கொரோனா விஷயத்தில் அவர்கள் கணக்கு பெருமளவு சரியாகவும் இருந்தது. வயது ஏற ஏற அந்த நோயின் கொடுமை செங்குத்தாக ஏறியது. இருபது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் ஒரே ஆபத்து இல்லை. இதை மறைத்து "நீயும் செத்துப்போவாய்" என்கிற தொனியில் எழுதினால் என்ன ஆகும்? தொற்று வந்து இரண்டு நாள் இருமிவிட்டு எழுந்து நடமாடும் நான்கு நண்பர்களை அவர்கள் பார்க்கிறார்கள். அந்த ஒரு வரி பொய்யாகிப் போனால் அதன் கீழே நீங்கள் எழுதியிருக்கும் உண்மையான வரிகளும் சேர்ந்து பொய்யாகிவிடும். முகக்கவசம் பற்றிச் சொன்னது, காற்றோட்டம் பற்றிச் சொன்னது, எல்லாம் போச்சு.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாத் தொற்றும் இளைஞர்களை விட்டுவைப்பதில்லை. 1918 இன்ஃபுளுவென்சாவில் 20 முதல் 40 வயதுக்காரர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இறந்தார்கள். 2009இல் பரவிய பன்றிக் காய்ச்சலில் வயதானவர்களுக்குப் பழைய தொற்றுகளால் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது, சிறுவர்களும் இளைஞர்களும்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். அதனால் ஒவ்வொரு நோய் வரும்போதும் இது யாரைத் தாக்குகிறது, உங்கள் வயதில் என்ன ஆகிறது, எங்களுக்கு இன்னும் எது தெரியவில்லை என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கொரோனாவில் உண்மை சொல்லிப் பழக்கியிருந்தால், நாளைக்கு இளைஞர்களையே குறிவைக்கும் ஒரு நோய் வரும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

அவர்களுக்கே ஆபத்து குறைவு என்று ஒப்புக்கொண்டால் யார் பேச்சைக் கேட்பார்கள் என்ற கவலை உங்களுக்கு வரும். எனக்கும் இருந்தது. ஆனால் மாணவர்கள் தங்களுக்காக மட்டும் எதையும் செய்கிறவர்கள் இல்லை. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களிடம் ஆடம் கிராண்ட், டேவிட் ஹாஃப்மன் இருவரும் செய்த ஆய்வு 2011இல் வந்தது. கை கழுவும் இடத்தில் ஒரு பலகையில் கை சுத்தம் உங்களை நோயிலிருந்து காக்கும் என்றும், இன்னொன்றில் நோயாளிகளைக் காக்கும் என்றும் எழுதி வைத்தார்கள். வித்தியாசம் ஒரே ஒரு சொல். நோயாளிகளைக் காக்கும் என்ற பலகை இருந்த இடத்தில்தான் கை கழுவுவது கூடியது. தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர்கூட, பக்கத்தில் இருப்பவருக்கும் ஆகாது என்று அவ்வளவு எளிதாக நினைப்பதில்லை. எங்கள் விடுதியில் நான் பார்த்ததும் இதுதான். தனக்காக முகக்கவசம் போடாத பெண்கள், மாடியில் ஆஸ்துமா இருக்கிற தோழியின் அறைக்குள் போகும்போது தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவள் பெயரையும் முகத்தையும் அவர்களுக்குத் தெரியும். கழிப்பறை சுத்தம் செய்ய வரும் வயதான அம்மாவையும் தெரியும். அறிகுறி தெரிவதற்குச் சுமார் இரண்டு நாள் முன்பே கொரோனா அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும் என்பதை அந்த அம்மாவோடு சேர்த்துச் சொன்னபோது கேட்டார்கள். எண்ணிக்கைகளைப் படித்துக் காட்டியபோது தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

இப்போது நான் ரொம்பக் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஆபத்தை நாம் தனியாக உட்கார்ந்து கணிப்பதில்லை, சுற்றி இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக் கணிக்கிறோம். 1968இல் பிப் லட்டானே, ஜான் டார்லி இருவரும் கல்லூரி மாணவர்களை ஒரு அறையில் உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகை வர ஆரம்பித்தது. தனியாக இருந்தவர்களில் 75% பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். ஆனால் புகையைக் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டே இருக்கும்படி முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட்ட இரண்டு பேர் கூட இருந்தபோது, 10% பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிவிட்டுக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கல்லூரி வளாகம் அந்த அறைதான். அதில் மாணவர்கள் யார் முகத்தைப் பார்ப்பார்கள்? ஒருவர் முகத்தை ஒருவர், அப்புறம் நம் முகத்தை. கூட்டம் கூடக் கூடாது என்று காலையில் சுற்றறிக்கை வருகிறது. மதியம் ஜன்னல் எல்லாம் மூடிய ஒரு அரங்கில் அத்தனை ஆசிரியர்களையும் தோளோடு தோள் உட்காரவைத்து ஆலோசனைக் கூட்டம் நடக்கிறது, கண்ணாடிக் கதவு வழியாக மாணவர்கள் பார்த்துக்கொண்டே போகிறார்கள். முகக்கவசம் கட்டாயம் என்று சொல்லிவிட்டு அதைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுப் பாடம் நடத்துகிறோம். இருபது விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லும் சுவரொட்டி ஒட்டியிருக்கிற இடத்தில் சோப்பு இருக்காது. பெரிசாக ஒன்றும் இல்லை, உட்கார்ந்து படிவத்தை நிரப்பு என்றுதான் இவை எல்லாம் சேர்ந்து அவர்களிடம் சொல்கின்றன. நீங்கள் எழுதி அனுப்புவதைவிட இது சத்தமாகக் கேட்கிறது.

பயமுறுத்துவது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த தொற்று வரும்போதும் முதலில் கைக்கு வருவது அதுவாகத்தான் இருக்கும். 1965இல் ஹோவர்ட் லெவந்தாலும் அவருடைய சகாக்களும் யேல் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்களிடம் டெட்டனஸ் தடுப்பூசி பற்றிய கையேடுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கடுமையாகப் பயமுறுத்தும் கையேடு, சிலருக்கு மென்மையானது. பயமுறுத்தியதைப் படித்தவர்கள் ஊசி அவசியம் என்று அதிகமாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3% தான். சிலருடைய கையேட்டில் மட்டும் கூடுதலாக வளாகத்தின் வரைபடம் இருந்தது. சுகாதார மையம் எங்கே என்று அதில் குறித்திருந்தது, இந்த வாரம் உங்கள் நேர அட்டவணையில் எந்த மணிக்குப் போக முடியும் என்று யோசித்து முடிவு செய்யச் சொல்லியிருந்தது. அவர்களில் சுமார் 28% பேர் போனார்கள். இத்தனைக்கும் அது அவர்கள் படித்துக்கொண்டிருந்த வளாகம், அந்த மையம் எங்கே இருக்கிறது என்பது இறுதியாண்டு மாணவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே ஆய்வில் ஆபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வழியை மட்டும் காட்டியதும் பலிக்கவில்லை. கவலைப்பட ஒரு காரணமும் வேண்டும், அந்தக் கவலையை எடுத்துக்கொண்டு போய் இறக்கி வைக்க ஒரு இடமும் வேண்டும். இடம் காட்டாமல் கவலையை மட்டும் ஏற்றினால் மனிதர்கள் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைக் கையாளத் தொடங்கிவிடுவார்கள் என்று கிம் விட்டி என்ற ஆய்வாளர் 1992இல் விளக்கி எழுதினார். அதை விடுதியில் தினமும் பார்த்தேன். எண்ணிக்கை ஏறிய நாட்களில் பெண்கள் செய்தி பார்ப்பதை நிறுத்தினார்கள், அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போனார்கள், இதெல்லாம் சும்மா என்று வாதாடினார்கள். அலட்சியம் என்று அதற்குப் பெயர் வைத்தோம். உள்ளே இருந்தது தாங்க முடியாத பயம் என்று இன்றைக்குத் தெரிகிறது.

காலம் நீள நீள இன்னும் சிரமம். உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை சர்வதேச அவசரநிலை என்று அறிவித்தது 2020 ஜனவரி 30, விலக்கிக்கொண்டது 2023 மே 5. மூன்று வருடம் மூன்று மாதம். பல நாடுகளில் ஒரு இளநிலைப் பட்டப்படிப்பின் முழு நீளம் அது. அவ்வளவு நாள் யாராலும் ஒரே அளவு பயத்தோடு இருக்க முடியாது. ஆரம்பத்தில் வளாகத்தில் ஒருவருக்கும் தொற்று இல்லாதபோது எல்லாரும் நடுங்கினார்கள், பின்னால் அறைக்கு ஒருவர் படுத்திருந்தபோது பழகிப்போயிருந்தது. அப்போது குரலை உயர்த்தினால் காது இன்னும் மரத்துப்போகும். எந்த நிலை வந்தால் எந்தக் கட்டுப்பாடு தளரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், நிலை மாறும்போது சொன்னபடி தளர்த்துங்கள். அப்போதுதான் மறுபடி இறுக்கும்போது ஏதோ காரணம் இருக்கிறது என்று நம்புவார்கள்.

நீங்கள் அனுப்பும் கருத்துக்கணிப்புப் படிவங்களையும் விட முடியவில்லை. உங்களுக்குத் தொற்று வரும் என்று எவ்வளவு நினைக்கிறீர்கள் என்று கேட்டு, குறைவு என்று சொன்னவர்களை எல்லாம் பொறுப்பில்லாதவர்கள் கணக்கில் சேர்க்கிறீர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டு, முகக்கவசமும் அணிந்து, கூட்டத்தைத் தவிர்க்கிற ஒரு பெண் குறைவு என்றுதான் எழுதுவாள், அது சரியான பதிலும்கூட. எதுவும் செய்யாமல் இருந்தால் வரும் என்று நினைக்கிறாயா என்று கேட்டால்தான் அவள் மனம் தெரியும். அப்புறம், படிவத்தின் முதல் கட்டத்தில் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டுவிட்டு உண்மையான பதிலை எதிர்பார்ப்பது எப்படி?

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், முதலில் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். தொற்றுக் காலத்தில் காய்ச்சல் என்று சொல்லி வராதவருக்கு மறுதேர்வு உண்டு, வருகைப்பதிவில் கழிவு இல்லை, மருத்துவச் சான்றிதழ் வேண்டியதில்லை. சான்றிதழ் கேட்பதால், வீட்டிலோ அறையிலோ படுத்திருக்க வேண்டியவரை நோயாளிகள் நிறைந்த ஒரு வரிசையில் நிற்கவைக்கிறோம். சிலர் இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள். ஆமாம், பயன்படுத்துவார்கள். படிக்காமல் ஒருவர் பொய்க் காய்ச்சல் சொல்லி ஒரு வாரம் கூடுதலாகப் பெறுவதையும், உண்மைக் காய்ச்சலோடு ஒருவர் நாற்பது பேர் இருக்கிற ஆய்வகத்தில் மூன்று மணி நேரம் நிற்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், எது நமக்குப் பெரிய நஷ்டம் என்று.

தனிமை அறை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை நீங்களே போய்ப் பாருங்கள். முதலில் அங்கே அனுப்பப்பட்ட பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதை விடுதி முழுவதும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ளும். நேரத்துக்குச் சாப்பாடு வந்ததா, கைப்பேசிக்கு இணையம் கிடைத்ததா, இரவில் மூச்சுத் திணறினால் யாரை அழைப்பது என்று சொன்னார்களா, அவள் பெயரைக் குழுவில் போட்டார்களா. இரண்டாவது பெண் உண்மையைச் சொல்வாளா மாட்டாளா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. எங்கள் விடுதியில் முதல் பெண்ணின் பெயர் எல்லாருக்கும் தெரியும்படி ஆகிவிட்டது. அதை நான் தடுத்திருக்க வேண்டும்.

வாசலில் வெப்பம் பார்ப்பதைத் தயவுசெய்து ஒரு பாதுகாப்பாக நம்பாதீர்கள். மாத்திரை போட்டால் வெப்பம் இறங்கும், அறிகுறி இல்லாதவருக்கு வெப்பமே இருக்காது. அந்த வேலைக்கு நிறுத்தும் ஆளை, உடம்பு சரியில்லை என்று எந்த நேரமும் அழைக்கக்கூடிய ஒருவராக மாற்றுங்கள். அவர் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இருப்பவராக இருக்கக் கூடாது. எண், நேரம், அறை எங்கே, சொன்னால் அடுத்து என்ன நடக்கும், எல்லாவற்றையும் சுற்றறிக்கையின் மேல் பாதியில் போடுங்கள்.

அந்த மாணவி படிப்பை முடித்துவிட்டாள். போன வருடம் சான்றிதழ் வாங்க வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். அன்றைக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்துக்காக அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். அப்புறம், என்ன செய்திருந்தால் நீ என்னிடம் வந்து சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "மறுதேர்வு வைப்போம்னு முந்தின நாள் ஒரு வரி போட்டிருந்தா போதும் மேடம், நானே வந்திருப்பேன்" என்றாள்.

நோய் எதுவும் பரவாத இந்த நேரத்திலேயே அந்த வரியை விதிப்புத்தகத்தில் எழுதிவிடுங்கள். தொற்று வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் உங்களுக்கும் பயமாக இருக்கும், எங்களுக்கும் நேரம் இருக்காது. எழுதியதும் ஒரு நகலை விடுதிகளுக்கு அனுப்புங்கள், ஒட்டுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு விடுதிப் பொறுப்பாளர்